கருப்பர் பார்க்கிற ரோடு

உள்ள வாங்க சார், நனையாதீக. அந்தத் தகரத்துக்குக் கீழ நில்லுங்க, அங்க ஒழுகாது. செருப்ப மட்டும் அங்கிட்டுக் கழட்டிப் போட்டுருங்க. பஸ்ஸுக்கா நிக்கிறீக? சேந்தனூர் போற பஸ் இன்னும் ஒண்ணு இருக்கு, இருட்டுறதுக்குள்ள வந்துரும். மழைன்னா முன்னப் பின்ன ஆகும். என்னது, பஸ்ஸுக்கு இல்லையா? இந்த இடத்தைப் பார்க்கத்தான் வந்தீகளா? இங்க பார்க்க என்ன சார் இருக்கு? ஒரு கண்மாய், ஒரு ரோடு, கருப்பரு. இவரைப் பார்க்க வந்தீகன்னா நல்லது, எத்தனையோ ஊர்லருந்து வர்றாக.

அது என்ன, பேப்பர் சுத்தி, பலகை மாதிரி? சாமி படமா? சரி சரி, அப்பறமாச் சொல்லுங்க. நனையாம சுவத்துல சாத்தி வையிங்க.

எம்பேரு சேவுகன். இந்தக் கருப்பருக்குச் சாமியாடி. எங்க அப்பாவும் சாமியாடிதான், அவுக அப்பாவும்தான். இவரு இறங்குனா என் மேலதான் இறங்குவாரு. இன்னைக்கு நான் இங்க காத்துக்கிட்டு நிக்கிறது எம்மகளுக்காக. அழகுநாச்சின்னு பேரு, திருப்பூர்ல இருக்கு. மாப்பிள்ளை, மக, கைப்பிள்ளையா இருக்கிற எம்பேத்தி, எல்லாரும் வேன் பேசி வந்துக்கிட்டு இருக்காக. நாளைக்குக் காலையில பேத்திய இவர் காலடியில போட்டு எடுக்கணும்.

நேர்த்தி சார். கல்யாணமாகி ரொம்ப நாளா எம்மகளுக்குப் பிள்ளை இல்ல. போகாத ஆஸ்பத்திரி இல்ல, ஊரு பேசாத பேச்சு இல்ல. அது வந்து என் மடியில தலைய வச்சு அழுதுச்சு பாருங்க, பெத்த மனசு எப்படித் தாங்கும்? நேரா இங்க வந்தேன். இவர் மூஞ்சிக்கு முன்னாடி நின்னு சொன்னேன். "அய்யா, ஒரு பிள்ளையக் குடு. குடுத்தா அது உனக்குத்தான். கொண்டாந்து உன் காலடியில போடுறேன்"னேன். அடுத்த மாசியில பிள்ளை. அப்ப, சொன்ன சொல்லைக் காப்பாத்தணுமா இல்லையா? இவருகிட்ட சொல்லிட்டு மறக்க முடியாது சார். இவரா வந்து வாங்கிக்கிருவாரு.

பார்த்தீகளா, கண்ணை? எல்லாரும் முதல்ல அதைத்தான் பார்ப்பாக. வருசா வருசம் ஏணி போட்டு ஏறி நான்தான் வெள்ளையும் கருப்பும் தீட்டிக் கண்ணு திறப்பேன். இப்ப அப்படியே திரும்பி ரோட்டைப் பாருங்க. இங்கருந்து சேந்தனூர் மில்லு வரைக்கும் நூல் புடிச்ச மாதிரிப் போகுதா? இந்த ரோட்டுல எந்த வண்டி எங்க வந்தாலும் இவரு கண்ணுக்குத் தப்பாது. இவரு முன்னாடி வந்துதான் ரோடு மடங்குது. அந்தப் பக்கம் ஆலமரம், இந்தப் பக்கம் கண்மாய்க் கரை, நடுவுல இவரு. லாரிக்காரங்க எல்லாம் வளைவுக் கருப்பருன்னுதான் சொல்லுவாக. எங்களுக்கு ஆலடிக் கருப்பரு. பேரு எதுவா இருந்தா என்ன, ஆளு ஒருத்தருதான்.

உக்காருங்க சார், அந்தத் திட்டுல. வேன் வர இன்னும் நேரமிருக்கு, இந்த ரோட்டுக் கதையச் சொல்றேன், கேளுங்க. இதைச் சரியாச் சொல்ல என்னைய விட்டா ஆள் இல்ல.

முதல்ல இது ரோடே இல்ல, உப்பு வண்டித் தடம். கடக்கரை உப்பளத்துலருந்து மாட்டு வண்டியில உப்பு ஏத்திக்கிட்டு வரிசையா வருவாக, சேந்தனூர் சந்தைக்கு. இங்க வந்ததும் ஒவ்வொரு வண்டிக்காரனும் இறங்கி, ஒரு கை உப்பை அள்ளி இந்தக் கல்தொட்டியில போட்டுட்டுத்தான் மாட்டை ஓட்டுவான். இந்தா இருக்கே, இதே தொட்டிதான். போடாமப் போன வண்டிக்கு அச்சு முறியும். எங்க தாத்தா கண்ணால பார்த்தது.

அப்பறம் வெள்ளைக்காரன் கப்பி ரோடு போட வந்தான். ஒரு துரை குதிரையில ஏறி வந்து, சங்கிலி வச்சு அளந்து, சாமியைத் தூக்கிட்டு ரோட்டை நேரா விடுங்கடான்னான். அவன் குதிரை இந்த ஆலமரத்தைத் தாண்டி ஒரு அடி வைக்கலையே! அடிச்சுப் பார்த்தான். அவனைக் குப்புறத் தள்ளிட்டு நின்னுச்சு. எந்திரிச்சு மண்ணைத் தட்டிக்கிட்டு, ரோட்டை வளைச்சு விடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அந்தத் துரை பேரு என்னன்னு கேட்டா எங்க ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாக. பேரு என்னத்துக்கு? ரோடு வளைஞ்சுச்சுல்ல, அதைப் பாருங்க.

அதுக்கு மேல தார் போட்டாக. அப்பறம் மாநில நெடுஞ்சாலைன்னு ஆக்கி, பச்சைத் தலைக் கல்லு நட்டாக. வண்டி பெருத்துப் போச்சு. மணல் லாரி, மீன் வண்டி, ஆம்னி பஸ்ஸு. அப்பத்தான் அகலப்படுத்துறோம்னு வந்தாக பாருங்க, அங்க இருக்கு எங்க ஊருக்காரன் வீரம்.

இஞ்சினீயரு ஒருத்தரு வந்தாரு. நல்ல மனுசன்தான், குறை சொல்ல மாட்டேன். வரைபடத்தைப் பிரிச்சு வச்சு, "பெரியவரே, சாமியை இருபதடி பின்னால தள்ளி வச்சுக் கோயில் புதுசாக் கட்டித் தர்றோம். இந்த வளைவு ரொம்பக் குறுகல். ரோடு நல்லா ஆயிட்டா வேகமா வருவாக, திருப்ப முடியாது, ஆள் சாகும்"னாரு. நான் கேட்டேன், "கருப்பர் இருக்கையில எப்படிச் சாகும்?" வரைபடத்தைச் சுருட்டிக்கிட்டுப் போனாரு. மறுநாள் மிசின் வந்துச்சு. ஊரே வந்து குறுக்க படுத்துட்டோம். முதல்ல படுத்தவன் நான். இந்தா இந்த எடத்துல, மல்லாக்க. வெயில்னா வெயிலு, முதுகு வெந்து போச்சு. எந்திரிக்கலையே! கடைசியில மிசின்தான் திரும்பிப் போச்சு. ரோடு அங்கிட்டும் அகலமாச்சு, இங்கிட்டும் அகலமாச்சு. இந்த வளைவு மட்டும் துரை விட்ட மேனிக்கு அப்படியே இருக்கு. துரையே தொடாததை இவுக தொடுவாகளா?

அதுக்கு அப்பறம்தான் ஒண்ணு ஒண்ணா வர ஆரம்பிச்சது.

வண்டிதான் சார். முதல்ல ஒரு சிமிண்டு லாரி. அப்பறம் பால் வண்டி. ஒரு மோட்டார் சைக்கிள்ல புருசனும் பொண்டாட்டியும். அதுல ஒரு அதிசயத்தைக் கேளுங்க. ஒரு வண்டிகூட மரத்துப் பக்கம் போகல, ஒண்ணுகூட கண்மாய்க்குள்ள இறங்கல. எல்லாம் நேரா வந்து இவர் காலடியிலதான் விழுந்துச்சு. கூப்பிட்டு வச்ச மாதிரி. நான் சொல்றேன், நிக்காதவன், உப்புப் போடாதவன், ஒரு ஹாரன் கூட அடிக்காதவன், அவனைத்தான் கூப்பிடுறாரு. எங்க ஊர் ஆளு ஒருத்தனுக்கு இங்க ஒரு சிராய்ப்பு உண்டா? கிடையாது. சின்னப் பிள்ளையிலருந்து தெரியும்ல, இங்க வந்தா மடங்கும்னு, தன்னால மெதுவா... அதுக்கில்ல சார். பக்தி. பக்திதான் காரணம்.

ரோட்டு ஆபீஸ்காரங்க சும்மா இருப்பாகளா? ஒரு நாள் வந்து, தூரத்துல, வண்டி வர்ற வழியில, இம்மாம் பெரிய போர்டு நட்டாக. விபத்துப் பகுதின்னு எழுதி மண்டை ஓடு வேற. சாமிக்கு நேரா மண்டை ஓட்டை வைப்பாகளா யாராச்சும்? அதுவும் பார்வை போற வழியில, கண்ணை மறைச்சுக்கிட்டு! அந்த வெள்ளிக்கிழமையே இவரு இறங்கிட்டாரு. "என் கண்ணை மறைக்கிறது யாருடா?"ன்னு கேட்டாரு. நான் கேட்கல, இவரு கேட்டாரு, என் வாயால. ஊரே ஓடிப்போய்ப் பிடுங்கிட்டு வந்துருச்சு. நல்ல தகரம், கெட்டுப்போகல. நீங்க இப்ப ஒதுங்கியிருக்கீகளே, உங்க தலைக்கு மேல இருக்கிறது அதுதான். அண்ணாந்து பாருங்க, மண்டை ஓடு தெரியும்.

ஏன் சார் அப்படிப் பார்க்குறீக? ஒழுகுதா?

ஸ்பீடு பிரேக்கரும் போட்டாகதான். அதைக் கேட்டா இன்னும் வயித்தெரிச்சல். பங்குனியில இவரு வேட்டைக்குப் போவாரு. நான் கால்ல சலங்கை கட்டி, கையில அரிவாள் ஏந்தி, இந்த ரோட்டுல ஓடணும். பின்னால பறையும் பந்தமும் வரும். நான் ஓடுறது ஓட்டமா இருக்காது, குதிரைப் பாய்ச்சலா இருக்கும், ஊர்ல கேட்டுப் பாருங்க. அந்த வருசம் என்ன ஆச்சு? அந்த மேட்டுல கால் தட்டி விழுந்தேன். அரிவாள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சலங்கை அறுந்து தார்ல உருளுது. ஊரு பூரா வாயில அடிச்சுக்கிட்டு நிக்கிது. கருப்பரு குதிரை இடறிப் போச்சுன்னா ஊருக்கு ஆகுமா? மறுநாளே கடப்பாரையைப் போட்டுப் பேத்து எடுத்துட்டோம். எம்பொண்டாட்டி மீனாள் சொல்லுவா, "குடம் குடமாக் குடிச்சிட்டு ஓடுனா மேடு இல்லாட்டியும்தான் விழுகணும்"னு. பேச்சைப் பாருங்க. படையல்ல வச்ச சாராயம், குடிச்சது கருப்பரு. விழுந்ததுல முட்டி மட்டும் எனக்குப் போச்சு. இன்னைக்கு வரைக்கும் ஓட முடியாது. இப்ப வேட்டைக்கு எங்க அண்ணன் மகன்தான் ஓடுறான். ஆள் சுமாரு.

இங்க தொங்குதுல்ல, இது சிமிண்டு லாரி ஹாரன். டிரைவர் பிழைச்சு வந்து கட்டிவிட்டுப் போனான். இது பால் வண்டி விளக்கு. வந்து விழுந்த வண்டியிலருந்து ஏதாச்சும் ஒண்ணை இங்க கட்டிருவோம், இவருக்குச் சேர்ந்ததுன்னு. அந்தப் பக்கக் கண்ணாடி போன மாசம் வந்த வெள்ளைக் காரோடது. இதே மாதிரி சாயங்காலம், இதே மாதிரி தூத்தல். சத்தம் கேட்டு நான்தான் முதல்ல ஓடியாந்தேன், அதாவது நொண்டிக்கிட்டு வந்தேன். ஓட்டுன பையனுக்குச் சின்ன வயசுதான். ஒரு ஹாரன் இல்ல சார், ஒரு ஹாரன் அடிச்சிருந்தா...

அதை ஏன் சார் கழட்டுறீக? அது சாமி பொருளு. தொடக்கூடாது. சார்!

உங்க தம்பியா?

முதல்லயே சொல்லியிருக்கலாம்ல சார். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். சரி, வச்சுக்கிறுங்க கண்ணாடிய. அழுகாதீக. எனக்கும் மனசு இருக்கு. மூஞ்சி இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்கிது. தண்ணி கேட்டுச்சு, நான்தான் குடுத்தேன். என்ன சொன்னுச்சா? "இங்க ரோடு இருந்துச்சே"ன்னுச்சு. ரெண்டு தடவை சொன்னுச்சு, "ரோடு இருந்துச்சே"ன்னு. அம்புட்டுத்தான். இவரு முன்னாடி அதுக்கு உயிர் போச்சு, நல்ல கதிதான் கிடைச்சிருக்கும். ஒண்ணு மட்டும் சொல்றேன், கோவிச்சுக்கிறாதீக. நின்னு ஒரு கை உப்புப் போட்டிருக்கலாம். கோயில் இருக்கிறதே தம்பிக்குத் தெரியாதா? தெரியாட்டி என்ன சார், கண்ணு முன்னாடியில்ல நிக்கிறாரு!

அப்ப அந்தப் பேப்பருக்குள்ள... காட்டுங்க. "அபாய வளைவு, மெதுவாகச் செல்லவும்." நல்லா எழுதியிருக்கு. இந்தச் சிவப்பு ஒட்டியிருக்கீகளே, வெளிச்சம் பட்டா மின்னுமா? தம்பி பேரும் கீழ போட்டிருக்கீக. கைவேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா நட முடியாது சார். அந்தப் பழைய போர்டு இருந்த எடத்துல கூடாது. கண்ணை மறைக்கும். நீங்க எவ்வளவு கேட்டாலும் சரி, நான் தலையாட்டினாலும் இவரு விட மாட்டாரு. இதோ, ஆலமரத்துக்குப் பின்னால வேணும்னா நட்டுக்கிறுங்க, உங்க மனசு ஆறிக்கிரும். அங்க யாருக்கும் தெரியாதா? தெரியாட்டி என்ன, சாமிக்குத் தெரியும்ல.

உங்க கோவம் எனக்குப் புரியுது. நீங்க பேசுனதை நான் மனசுல வச்சுக்கிற மாட்டேன். அப்படித்தான் நிறைய பேரு பேசிட்டுப் போயிருக்காக.

உள்ளதைச் சொல்றேன் சார், ஒரு வாரமா எனக்கும் மனசு சரியில்ல. போன மாசத்துக்கு அப்பறம் காலடி காலியாக் கிடக்கு. இவரு இப்படிச் சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்கும். படுத்தா குளம்புச் சத்தம் கேக்குது. மீனாளுகிட்ட சொன்னா, "பிள்ளை வர்ற நேரத்துல அதெல்லாம் பேசாத"ன்னு வாயைப் பொத்துறா. என்னத்தைப் பேசிட்டேன்?

இருங்க, போனு. எம்மகதான். அலோ! ஆத்தா, அழகு! எங்க வந்துக்கிட்டு இருக்கீக? சேந்தனூரைத் தாண்டியாச்சா? பிள்ளை தூங்குதா? மாப்பிள்ளை மடியில, முன் சீட்டுலயா? ஏன் முன் சீட்டுல? உனக்கு வாந்தியா, பின்னாடி படுத்திருக்கியா, சரி சரி. டிரைவரு எந்த ஊரு? திருப்பூர்க்காரரா... என்னது, ரோடு எப்படியா? ரோட்டுக்கு என்ன ஆத்தா, ரயிலு மாதிரி வரலாம். எதையும் யோசிக்க வேண்டாம், நேரா வரச் சொல்லு! நேரா வந்தா கருப்பரு கண்ணு முன்னாடிதான் வந்து நிக்கும். ஆமா, நேரா. அலோ? அலோ?

விட்டுப்போச்சு. கண்மாய்ப் பக்கம் டவரு சரியா நிக்காது.

சேந்தனூர் தாண்டிட்டாகளாம் சார். வேன் நல்ல ஓட்டமாம், மாப்பிள்ளை டிரைவரைப் பாராட்டுறாராம். எம்மக முன்னால உக்காந்திருந்தா டிரைவருகிட்ட "இந்தா வருதுண்ணே, வளைவு"ன்னு சொல்லிரும். சொல்லும்ல? ஆனா அது பின்னால படுத்து வாந்தி எடுத்துக்கிட்டு வருது. அது கல்யாணமாகிப் போகையில இந்த ரோடு இம்புட்டு அகலம் இல்ல. பஸ்ஸுலதான் வரும் போகும். மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கம் தெரியாது, எப்பவும் மதுரை வழியாத்தான் வருவாரு. நான்தான் இந்த ரோடு சுருக்கம்னு சொல்லி வரச் சொன்னேன்.

என்ன சார் பார்க்குறீக? ஏன் என்னையே பார்க்குறீக?

நேரான்னு சொல்லிட்டேனே.

போனைப் போடுறேன், இருங்க. எடு ஆத்தா. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு சொல்றா ஒருத்தி. மாப்பிள்ளைக்குப் போடுறேன். அவளேதான். அடிச்சுப் பாருங்க சார், உங்க போன்ல போகுமா? உங்களுக்கும் இல்லையா?

அந்தா. அந்தா தெரியுதே வெளிச்சம், மில்லுக்கு இங்கிட்டு. பஸ்ஸா? பஸ்ஸுக்கு மேல ஒரு விளக்கு எரியும். இது பஸ் இல்ல. என்ன வேகமா வர்றான்! மழையில ஏண்டா இப்படி வர்ற? ரோடு நல்லா இருந்தா இப்படியா வருவ?

சார், எங்க ஓடுறீக? பலகையைத் தூக்கிக்கிட்டு எங்க... அங்க நிக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல, அது பார்வை போற... சரி, ஓடுங்க! ஓடுங்க சார்! எனக்கு முட்டி வராது, நீங்க ஓடுங்க! நடு ரோட்டுல நில்லுங்க! இன்னும் அங்கிட்டு! இன்னும் அங்கிட்டுப் போங்க, இங்க வந்தா திருப்ப முடியாது! தூக்கிப் பிடிங்க, அந்தச் சிவப்புத் தெரியிற மாதிரி! மறைச்சா மறைச்சுட்டுப் போகுது!

அய்யா கருப்பா.

உன் மேல ஏறுறேன், நான்தான் ஏறுறேன், கோவப்படாத. முட்டி போனாப் போகுது. இந்தா என் துண்டு. நனைஞ்ச துண்டுதான், உன் கண்ணுக்குக் குளிர்ச்சியாத்தான் இருக்கும். கட்டிர்றேன். ஆடாத, முடிச்சுப் போட்டுக்கிறேன். நான் திறந்த கண்ணுதானே, நானே மூடுறேன், தப்பில்ல. உனக்குத்தான்னு சொன்னேன், இல்லேங்கல. சொன்ன சொல்லு சொன்னதுதான். காலடியில போடுறேன்னுதான் சொன்னேன். நாளைக்குக் காலையில, குளிப்பாட்டி, சட்டை போட்டு, என் கையால கொண்டாந்து போடுறேன். நீயா எடுத்துக்கிறாத. நீயா எடுத்துக்கிறாதய்யா.

எல்லா வண்டியையும் பார்த்தியே, ஒண்ணுகூட விடாமப் பார்த்தியே, நான் உனக்கு ஒரு மறைப்பும் வராம வச்சேனே. இந்த ஒரு வண்டியை மட்டும் பார்க்காத.